அச்சில் இறுகியது, உலையில் உதிர்ந்தது: மதுரைப் பவுண்டரி ஒன்றில் கோக் கட்டி தயாரித்த நிகழ்வு

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், கப்பலூர் தொழிற்பேட்டைக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய பவுண்டரி இருக்கிறது. பம்பு உடல்கள், கரும்பு பிழியும் எந்திரத்தின் உருளைகள், பாதாளச் சாக்கடை மூடிகள், எடைக்கட்டிகள் என்று வார்ப்பிரும்பில் ஆகும் வேலைகளைச் செய்துகொடுக்கிறார்கள். உருக்குவது கோக்கை எரிக்கும் கியூப்போலா உலையில். கோக் என்பது காற்றுப் படாமல் சுட்டு, வாயுவைப் போக்கி இறுக்கிய நிலக்கரி. அந்த உலைக்கு வேண்டிய கோக்கில் ஒரு பகுதியைத் தாங்களே தயாரித்துக்கொள்ள அவர்கள் எடுத்த முயற்சி எங்கே தடுக்கியது, எதனால் தேறியது, எந்த அளவோடு நின்றது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். உலை சம்பந்தமான ஆலோசனைக்காக உரிமையாளர் என்னை அழைத்திருந்தார். பெயர்களை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் பெயரில்லாமலே குறிப்பிடுகிறேன்.

தென்மாவட்டங்களில் உலை வைத்திருப்பவர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தூளாகக் கிடக்கும் கரியை அச்சில் கட்டியாக்கி உலையில் போட்டால் என்ன, சார்?" போடலாம். ஆனால் அச்சு எந்திரம் வாங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கரிக்கட்டி கோக்காக மாறுவது சூட்டில்தான். எவ்வளவு மெதுவாகச் சூடேற்றுகிறோம், அந்தச் சூட்டில் கட்டியின் பசை என்ன ஆகிறது என்ற இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இந்த நிகழ்வில் பட்ட கஷ்டங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காததால் வந்தவை.

எதற்காக இந்த முயற்சி

மின்சார இண்டக்‌ஷன் உலைக்கு மாறிவிடலாமே என்பார்கள். 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டில் மதுரைப் பக்கத்துத் தொழிற்கூடங்கள் பட்ட பாட்டை அனுபவித்தவர் இந்த உரிமையாளர். இண்டக்‌ஷன் உலைக்காகக் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தவர், அந்த ஆண்டு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கியூப்போலாவுக்கு ஊதுகாற்றுத் தரும் புளோயருக்கு மட்டும் மின்சாரம் கிடைத்தால் போதும். அதை ஜெனரேட்டரில் ஓட்டிச் சமாளித்துவிடலாம்.

கோக்குக்குத்தான் தெற்கே வழியில்லை. எல்லா நிலக்கரியும் கோக் ஆகாது. காற்றுப் படாமல் சூடேற்றும்போது ஏறத்தாழ 350 முதல் 500 டிகிரி செல்சியஸுக்குள் இளகி, உப்பி, பிறகு மறுபடி இறுகும் குணம் உள்ள நிலக்கரிதான் கோக் ஆகும். அப்படிப்பட்ட நிலக்கரி இந்தியாவில் பெரும்பாலும் ஜார்க்கண்டின் ஜாரியா வயலில் கிடைக்கிறது. அதிலும் சாம்பல் மிகுதி. நாட்டின் உருக்காலைகள் பெருமளவுக்கு ஆஸ்திரேலிய நிலக்கரியை நம்பியிருப்பது இதனால்தான். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் மூண்டதை அடுத்து, ஆஸ்திரேலியாவின் முதல்தரக் கோக் நிலக்கரியின் விலை டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. அந்த அலை திருமங்கலம் சாலை வரைக்கும் வந்து அடித்தது. பம்பு உடலுக்குப் பழைய விலை பேசி முன்பணம் வாங்கியிருந்தவர், கோக்குக்குப் புது விலை கொடுத்து நஷ்டத்தில் வார்த்துக் கொடுத்தார்.

பவுண்டரியின் பின்சுவரை ஒட்டி ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கோக் தூள் ஒரு மேடாகக் கிடந்தது. லாரியில் தொலைதூரம் வரும் கோக் இறக்கும்போதே உடையும். சலித்த பிறகு மிஞ்சும் சில்லையும் தூளையும் உலையில் போட முடியாது. கியூப்போலா என்பது நின்ற நிலையில் இருக்கும் குழாய் போன்ற உலை. அடியில் கோக் படுக்கை, அதன் மேல் இரும்பு, கோக், சுண்ணாம்புக்கல் என்று மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே போவார்கள். கீழே பக்கவாட்டுத் துளைகள் வழியாக நுழையும் காற்று, கோக் துண்டுகளின் இடைவெளியில் புகுந்து மேலே ஏற வேண்டும். தூள் விழுந்தால் அந்த இடைவெளி அடைபடும். அதனால் கோக் எரிபொருளாக இருந்தால் மட்டும் போதாது. தன் மேல் நிற்கும் இரும்பின் பாரத்தையும் தாங்க வேண்டும், அதுவும் வெள்ளைச் சூட்டில். இந்த இரண்டாவது கடமையைத்தான் கட்டி தயாரிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

முதல் கட்டம்: மாவுப் பசை

கோயம்புத்தூரிலிருந்து பழைய உருளை அச்சு ஒன்றை வாங்கினார்கள். எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளில் குழிகள் இருக்கும். நடுவே கொட்டும் கலவை அழுந்தி, ஐந்து சென்டிமீட்டர் அளவில் தலையணை வடிவக் கட்டியாக விழும். கோக் தூளுடன், தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் இந்தோனேசிய நிலக்கரியின் தூளையும் சேர்த்துக்கொண்டார்கள். பசைக்கு மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு, நல்லது என்று யாரோ சொன்னார்கள். ஆனால் மொலாசஸ் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள சரக்கு. வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதி வேண்டும். அந்த அலைச்சலுக்கு அஞ்சி, சேலம் மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சிப் பசையாக்கினார்கள்.

கட்டி பார்க்க அழகாகவே வந்தது. சித்திரை வெயிலில் காயவைத்து எடுத்தால் கல்லாக இருந்தது. ஆள் உயரத்திலிருந்து சிமென்டுத் தரையில் போட்டார்கள், உடையவில்லை. உரிமையாளருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என்னை அழைப்பதற்கு முன்பே ஒரு நாள் உலையில் கோக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாக இந்தக் கட்டிகளைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அன்று நடந்ததை உலை மேஸ்திரி எனக்கு விவரமாகச் சொன்னார். சரக்குப் போடும் வாயிலிருந்து முதலில் மஞ்சள் புகை திரண்டு வந்தது. சிறிது நேரத்தில் காற்றழுத்தமானியின் முள் ஏறத் தொடங்கியது. உலைக்குள் காற்றுப் போக வழியில்லாமல் திணறுகிறது என்று அதற்குப் பொருள். காற்றுத்துளையின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கண் கூச வேண்டிய இடம் மங்கிச் சிவந்திருந்தது. இறக்கிய இரும்பு கூழாகத் தடித்து வந்து, வார்ப்பு அச்சின் மெல்லிய பகுதிகளுக்குள் ஓடாமல் பாதியில் உறைந்தது. பம்பு உடல்கள் பெரும்பாலும் பழுது. வேறு வழியின்றி உலையின் அடிக்கதவைத் திறந்து எல்லாவற்றையும் கீழே கொட்டினார்கள். மறுநாள் ஆறிய குவியலைக் கிளறியபோது ஒரு முழுக் கட்டிகூட அகப்படவில்லை. பாதி உருகிய இரும்புக்கும் கசடுக்கும் நடுவே கருமணல் மாதிரி நைந்த தூள்தான் இருந்தது. "நாங்கள் போட்டது கட்டி சார், விழுந்தது மண்" என்றார் மேஸ்திரி.

காரணம் எளிது. மாவு என்பது மாவுச்சத்து. 250 டிகிரியைத் தாண்டியதும் அது சிதையத் தொடங்கும். 350 டிகிரியில் பசைத்தன்மையே மிச்சமிருக்காது. கோக் தூளுக்கோ இளகும் குணம் கிடையாது; அது ஏற்கெனவே வெந்து முடிந்த சரக்கு. இந்தோனேசிய நிலக்கரியின் பெரும்பகுதியும் இளகாத வகை. ஆக, மாவு கரிந்த பிறகு ஒரு துகளை இன்னொரு துகளோடு பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. வெயிலில் காய்ந்தபோது கிடைத்த உறுதி, நெருப்புக்குள் நுழைந்த சில நிமிடங்களில் காலியாகிவிட்டது. அதே கட்டிகளில் மிஞ்சியவற்றைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் ஓரத்தில் நனைந்தவை சேறாகிவிட்டன. நெருப்பிலும் நிற்காது, தண்ணீரிலும் நிற்காது.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்

"நெய்வேலியில் கட்டி செய்தார்களே, அது எப்படி நின்றது?" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த லெக்கோ கட்டிகளை, நம் ஊர் அடுப்புகளில் எரித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பூமியிலிருந்து வெட்டும்போது எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராக இருக்கும் அந்த நிலக்கரியைப் பொடித்து உலர்த்தி, தனியாகப் பசை எதுவும் சேர்க்காமல் மிகுந்த அழுத்தத்தில் கட்டியாக்கி, பிறகு காற்றில்லாத அறைகளில் சூடான வாயுவைச் செலுத்திக் கரியாக்கினார்கள். இளம் வயது நிலக்கரிக்குத் தானே ஒட்டிக்கொள்ளும் குணம் கொஞ்சம் உண்டு. புகையில்லாத வீட்டு எரிபொருளாக அது அருமையான சரக்கு. ஆனால் இரும்பின் பாரம் தாங்கும் வேலைக்கு அது செய்யப்படவில்லை. அந்த ஆலையும் மூடப்பட்டு நெடுங்காலமாகிறது.

கோக் ஆகாத நிலக்கரியிலிருந்து உலைக்கோக் செய்ய உலகில் பல வழிகளை முயன்றிருக்கிறார்கள். அவற்றில் இரண்டு இந்த நிகழ்வுக்கு நேரடியாக உதவின. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கெம்மரர் என்ற ஊரில் எஃப்.எம்.சி நிறுவனம் 1960-களிலிருந்து நடத்திய முறையில், முதலில் நிலக்கரித் தூளைச் சூடேற்றி அதிலுள்ள வாயுக்களையும் தாரையும் போக்கிக் கரித்தூளாக்குவார்கள். அப்படி வெளியேறிய தாரையே பதப்படுத்திப் பசையாக்கி, அதே கரித்தூளுடன் பிசைந்து கட்டியாக்கி, கட்டியை மறுபடி சூடேற்றுவார்கள். அந்தக் கோக் பாஸ்பரஸ் தயாரிக்கும் மின்னுலைகளுக்குப் போனது. ஜெர்மானியர்களின் முறை வேறு: நன்கு சுட்ட கரித்தூளைச் சூடாகவே வைத்துக்கொண்டு, இளகும் குணமுள்ள நிலக்கரியைக் குறைந்த பங்கில் அதில் கலப்பார்கள். கலவை 450 முதல் 500 டிகிரிக்குள் நிற்கும்போது, அந்த நிலக்கரி இளகியிருக்கும் அதே தருணத்தில் உருளை அச்சில் அழுத்திவிடுவார்கள். வெளிப்பசையே தேவையில்லை.

இரண்டாவது முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 500 டிகிரிக் கலவையை அழுத்தும் உருளைகளும் தாங்கிகளும் ஒரு சிறு பவுண்டரிக்குக் கட்டுப்படியாகாது. எனவே முதல் முறையின் சுருங்கிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாம் கட்டம்: அவசரச் சூடு

அதற்கு முன்பே உரிமையாளர் ஒரு சூளை கட்டிவிட்டார். தீச்செங்கல் அறை, உள்ளே மூடியுள்ள இரும்புப் பெட்டிகள், மூடி ஓரத்தில் களிமண் பூச்சு, கீழே சீமைக்கருவேல விறகு. பெட்டிக்குள் கட்டிகளை அடுக்கிச் சுட்டால் கோக் ஆகிவிடும் என்பது கணக்கு. எண்ணம் சரியானதுதான். ஆனால் விறகு கையில் இருக்கிறது என்று எரித்துத் தள்ளினார்கள்.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது நான் இருந்தேன். மேலே கிடந்த கட்டிகள் வாய் பிளந்திருந்தன. ஒன்றை எடுத்துச் சுத்தியலால் இரண்டாக உடைத்துப் பார்த்தோம். வெளியே விரல் நக அளவு கனத்துக்குச் சாம்பல் நிற ஓடு. தட்டினால் ஓரளவு கணீரென்றது. ஓட்டுக்கு உள்ளே மெல்லிய விரிசல் வளையம். நடுவில் இன்னும் கறுத்த, கையில் ஒட்டும், தார் வாடை வீசும் மாவு. வெளிப்புறம் வெந்து சுருங்கி இறுகிவிட்டது. உள்ளே பிறகு சூடேறியபோது கிளம்பிய வாயுவுக்கு வெளியேற வழியில்லை. அதுவே ஓட்டைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது.

சூளையை எந்த வேகத்தில் எரிப்பது என்பதை நான் எண்களில் சொல்லியிருக்கலாம். ஆனால் விறகு போடுகிறவர் கைக்கு எண் உதவாது. இளையான்குடிப் பக்கம் கரிமூட்டம் போடும் பெரியவர் ஒருவரை உரிமையாளர் வரவழைத்தார். இது நல்ல யோசனை. சீமைக்கருவேலக் கட்டைகளை மண்போட்டு மூடிப் பல நாள் புகையவிட்டுக் கரியாக்குவதே வாழ்க்கையாக இருப்பவர். அவர் சூளையைச் சுற்றி வந்துவிட்டுச் சொன்னார்: "புகையைப் பார்த்துத்தான் ஐயா நாங்கள் வாயைத் திறப்பதும் அடைப்பதும். வெள்ளைப் புகை தண்ணீர்ப் புகை, அது பாட்டுக்குப் போகட்டும். மஞ்சள் புகை வரும்போதுதான் கையைக் கட்ட வேண்டும். அப்போது அவசரப்பட்டால் கட்டை வெடித்துவிடும். மஞ்சள் போய் நீலம் மெலிந்து வந்தால் உள்ளே எல்லாம் ஆகிவிட்டது என்று அர்த்தம்."

வெப்பமானி சொன்னதும் அதையேதான். நிலக்கரியிலிருந்து தார் ஆவி மிகுதியாக வெளியேறுவது ஏறத்தாழ 350 முதல் 550 டிகிரிக்குள். அந்த இடைவெளியைக் கடக்கும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் விரிசல் பெருமளவு குறைந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவரின் கணக்கிலிருந்து விலக வேண்டியிருந்தது. நீலப் புகையோடு மூடினால் கிடைப்பது கரி. உலைக்கோக் வேண்டுமானால் அதற்கு மேலும் 900 டிகிரி வரை ஏற்றி நிறுத்த வேண்டும். கட்டியின் இறுதி உறுதி அங்கேதான் வருகிறது. "புகையே வராதபோது எதற்கு விறகை வீணாக்குகிறீர்கள்?" என்று அவர் முதலில் கேட்டார். 600 டிகிரியில் எடுத்த கட்டியையும் 900 டிகிரியில் எடுத்த கட்டியையும் ஒன்றோடொன்று தட்டிக் காட்டினேன். முதலாவது மொத்தென்றது, இரண்டாவது ஓடு போல் ஒலித்தது. இரண்டையும் கையில் வாங்கி அவரே பல முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் கட்டம்: முதலில் கரி, பிறகு கட்டி

மெதுவாகச் சூடேற்றியும் ஒரு குறை தீரவில்லை. பச்சை நிலக்கரி சேர்ந்த கட்டி, வாயு போகப் போகச் சுருங்கிக்கொண்டே இருக்கும். கூட இருக்கும் கோக் தூள் சுருங்காது. இழுபறியில் கட்டி உள்ளுக்குள் நெகிழ்ந்துவிடும். அதனால் நிலக்கரியைத் தனியாக 700 டிகிரி வரை சுட்டுக் கரியாக்கி, அரைத்து, அதன் பிறகே கோக் தூளுடன் கலப்பது என்று முடிவானது.

இங்கே காசுக்கணக்கு போட்டுப் பார்க்கிறவர்கள் அதிர்ச்சியடைவார்கள். உதாரணத்துக்கு, 100 கிலோ இந்தோனேசிய நிலக்கரியில் 30 கிலோ ஈரம், 30 கிலோ ஆவியாகும் பொருள், 5 கிலோ சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். சுட்ட பிறகு கையில் நிற்பது 40 கிலோ. சாம்பல் எங்கும் போகாது. அதே 5 கிலோ இப்போது 40 கிலோவில் இருக்கிறது. 5 சதவீதமாக இருந்த சாம்பல் 12.5 சதவீதம் ஆகிவிட்டது. வாங்கும்போது சாம்பல் குறைவு என்று விற்பனையாளர் காட்டும் சான்றிதழை நம்பிக் கோக்கின் சாம்பலைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும். சாம்பல் கூடினால் அதைக் கசடாக்கிப் பிரிக்கும் சுண்ணாம்புக்கல்லும் கூட வேண்டும், கசடு கூடும், அந்தக் கசடை உருக்கவும் கோக்தான் எரிய வேண்டும்.

சுட்ட கரி இன்னொரு பாடமும் கற்பித்தது. இளஞ்சூட்டில் பெட்டியிலிருந்து கொட்டிய புதுக்கரியை ஒரே குவியலாக விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புதுக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்துத் தானாகவே சூடாகும். விடியற்காலையில் காவலாளி பார்த்தபோது குவியலின் நடுவே கனல். நல்ல வேளையாகப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. அதன் பிறகு மூடிய பெட்டியிலேயே முழுதாக ஆறவிட்டு, வெளியே எடுத்ததும் மெல்லிய படுக்கையாகப் பரப்புகிறார்கள்.

பசைக்கு நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடித்த பிறகு மிஞ்சும் பிட்ச். மாவுக்கும் பிட்ச்சுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான், அதுவே எல்லாம்: பிட்ச்சும் சூட்டில் சிதையும், ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி கரியாகவே தங்கிவிடும். அந்தக் கரி துகள்களுக்கு நடுவே பாலமாக நிற்கிறது. கலவையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பிட்ச் சேர்த்தார்கள். குறைந்தால் ஓரம் உதிர்கிறது. கூடினால் உப்பி வெடிக்கிறது.

பிட்ச் 100 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும் என்பதால் முதல் பெட்டியில் கட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பெட்டியின் வடிவத்தில் ஒரே பாளமாக வந்தன. கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க முடிந்தது. இதற்குத் தீர்வு, சுடுவதற்கு முன் கட்டிகளைத் தட்டுகளில் பரப்பி 200 முதல் 250 டிகிரிக்குள் காற்றோட்டத்தில் சில மணி நேரம் வைப்பது. ஆக்சிஜன் பட்டுப் பிட்ச் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் கட்டி வடிவம் குலையாது. இந்த ஒரு படியைச் சேர்த்த பிறகுதான் சூளையிலிருந்து தனித்தனி முழுக் கட்டிகள் வரத் தொடங்கின.

புகையும் உடம்பும்

இதைத் தனியாகவே எழுத வேண்டும். பிட்ச் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்; உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை நிலக்கரித் தார்ப் பிட்ச்சையும் கோக் உற்பத்தித் தொழிலையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. தெற்கு வேல்ஸில் அபர்கும்பாய் என்ற ஊரில், கரித்தூளைப் பிட்ச்சுடன் கட்டியாக்கிச் சுட்டு ஃபர்னசைட் என்ற புகையில்லா எரிபொருளைப் பல பத்தாண்டுகள் தயாரித்தார்கள். அங்கே வேலை பார்த்து நோயுற்றவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தொடுத்த வழக்கில், சிலருக்கு இழப்பீடு உண்டு என்று 2012-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு வந்த தீர்ப்பு அது.

மதுரையில் இதற்கு இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொள்கிறது. பிட்ச் தூசி படிந்த தோலில் வெயில் பட்டால் தீப்பட்டதுபோல் எரியும். முதல் வாரங்களில் பிட்ச் உடைத்த இளைஞர்கள் இருவரும் முகமும் முன்கையும் சிவந்து, இரவெல்லாம் எரிகிறது என்றார்கள். அவர்கள் அதை வெயில் கொடுமை என்றே நினைத்திருந்தார்கள். நான் உரிமையாளரிடம் கறாராகவே பேசினேன்: "அண்ணாச்சி, இதைச் சரிசெய்யாமல் அடுத்த பெட்டி ஏற்றக் கூடாது." அவரும் தயங்கவில்லை. பிட்ச்சை உடைப்பது கூரைக்குள், மூடிய அரவையில் என்றானது. முழுக்கைச் சட்டை, முகமூடி, வேலை முடிந்ததும் அங்கேயே குளியல், சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பவுண்டரியிலேயே துவைப்பது எல்லாம் விதியானது. பெட்டிகளிலிருந்து வரும் தார்ப்புகையைக் குழாய் வழியாகச் சூளையின் நெருப்புக்கே திருப்பினார்கள். புகை எரிந்துபோகிறது, விறகும் மிச்சம். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும் வாயு என்பதால், சூளைக் கொட்டகையின் இரண்டு பக்கச் சுவர்களை எடுத்துவிட்டு, இரவுக் காவலுக்கு இருப்பவர் அதற்குள் படுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள்.

கோக் தயாரிப்பு மாசுக் கட்டுப்பாட்டில் சிவப்பு வகைத் தொழில், அதாவது மாசு மிகுந்தவற்றின் பட்டியலில் உள்ளது. பவுண்டரிக்கு வாங்கிய இசைவாணை இதற்குச் செல்லாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை சோதனை அளவைத் தாண்டாமல் இருந்தார்கள்.

உலையில் கண்டது

கோக்கின் உறுதியைப் பார்க்க வழக்கமான சோதனை ஒன்று உண்டு: 1.83 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் நான்கு முறை விழவைத்து, எவ்வளவு முழுதாக மிஞ்சுகிறது என்று சலித்து எடை பார்ப்பது. மூன்றாம் கட்டக் கட்டிகள் இதில் நன்றாகத் தேறின. உலையிலும் காற்றழுத்தம் ஏறவில்லை, மஞ்சள் புகையில்லை, அடிக்கதவைத் திறந்தபோது முழுக் கட்டிகள் கனலோடு உருண்டு வந்தன. மேஸ்திரிக்கு அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு மகிழ்ச்சி.

ஆனாலும் கோக்கில் கால் பங்குக்கு மேல் கட்டி சேர்த்தால் இரும்பின் சூடு குறைந்தது. ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். காற்றுத்துளை அருகே கோக் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகும்போது ஒரு கிலோ கார்பனுக்குச் சுமார் 7,800 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கிறது. அந்த வாயு மேலே ஏறும்போது, வழியில் உள்ள சூடான கோக்குடன் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறினால், கிடைத்த வெப்பத்தில் பெரும்பங்கை அது திரும்ப விழுங்கிவிடும். அப்படி முடியும் கார்பனுக்குக் கிலோவுக்குச் சுமார் 2,200 கிலோ கலோரிதான் மிச்சம். நல்ல பவுண்டரிக் கோக் இந்த வினைக்கு எளிதில் இணங்காது. இளம் நிலக்கரியின் கரியோ நுண்துளைகள் நிறைந்தது, உடனே இணங்கிவிடும். சரக்குப் போடும் வாயில் நீலச் சுவாலை ஓங்கி எரிந்ததை மேஸ்திரி முதலில் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார். அது இரும்புக்குப் போக வேண்டிய வெப்பம்.

வடிவத்திலும் ஒரு குறை. ஒரே அளவான, வழவழப்பான கட்டிகள் நெருக்கமாகப் படிந்துகொள்கின்றன. கரடுமுரடான கோக் விடுகிற இடைவெளியை விடுவதில்லை. பெரிய கட்டியாக அடிக்கலாமே என்றால், கட்டி பெரிதாகப் பெரிதாக நடுவிலிருந்து வாயு வெளியேறும் தொலைவு கூடி, மறுபடி விரிசல். சூடேற்றும் நேரத்தை இன்னும் நீட்ட வேண்டும்.

ஆகவே இன்றைய ஏற்பாடு இதுதான்: அடிப்படுக்கைக்கு முழுக்க வாங்கிய கோக். மேலே அடுக்கும் சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு கட்டி. கட்டுப்படியாகிறதா என்றால், சொந்தக் கோக் தூள் கிடைக்கும் வரை கட்டுப்படியாகிறது. அந்தத் தூள் இல்லாமல், நிலக்கரியை விலைகொடுத்து வாங்கி, மேலே கண்ட கணக்குப்படி பாதிக்கு மேல் இழந்து கட்டி செய்யத் தொடங்கினால் லாபம் நிற்காது. 2025 ஜனவரியில், சாம்பல் குறைந்த மெட்கோக் (உலோகம் உருக்கப் பயன்படும் கோக்) இறக்குமதிக்கு மத்திய அரசு அளவு வரம்பு விதித்த பிறகு, பக்கத்துப் பவுண்டரிகளின் கோக் தூளையும் இவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

எளிதில் வினைபுரியும் அந்தக் குணம் உலைக்கு ஆகாவிட்டாலும் வேறு ஒரு தொழிலுக்குப் பொருந்தியது. திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்கு வேண்டியது சீக்கிரம் பற்றி, புகையில்லாமல், ஊதினால் உடனே சூடு தரும் கரி. பாரம் தாங்கும் வேலை அங்கே இல்லை. ஓரம் உடைந்த கட்டிகளைச் சாக்கில் கட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அங்குள்ள கொல்லர் ஒருவர், மரக்கரியைவிட நேரம் நின்று எரிகிறது, ஆனால் சாம்பல் உருகித் துருத்தி வாயில் அடைக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அவர்களுக்கான கலவையில் இப்போது சாம்பல் மிகுந்த கோக் தூளைக் குறைத்து, 700 டிகிரியிலேயே நிறுத்தித் தனிப் பெட்டியில் சுடுகிறார்கள். பாதி அளவுக் கட்டி போதும் என்று அவர் கேட்டதால், சிறு குழி உள்ள உருளை ஜோடி ஒன்றுக்குக் கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.